கணினி வந்த வழி – 17: கரண்ட் வந்ததும் யார் எழுப்புவது?

தேனி அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து ஆண்டிப்பட்டிக்கு வீடியோவில் பேசுவதற்கென்று 2006ல் ஒரு கம்பியில்லாத் தடம் இருந்தது. அந்தத் தடத்தில் ஒரே தாவலில் 15 கிலோமீட்டரைக் கடக்கும் இணைப்பும் உண்டு. அதற்காக நட்ட கோபுரங்களின் உயரம் 24 மீட்டரிலிருந்து 42 மீட்டர் வரை. உச்சியில் ஆன்டெனாவை ஒட்டி, மழைநீர் புகாத சின்னப் பெட்டி. பெட்டிக்குள் 266 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஒரு கணினிப் பலகை. அதற்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது, பக்கத்தில் ஆளும் கிடையாது. கீழேயிருந்து ஏறும் ஒற்றை ஈதர்நெட் கேபிள்தான் மின்சாரத்தையும் தகவலையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கரண்ட் போனால் பலகை அணையும், வந்தால் எழும். எழுந்தால் மட்டும் போதாது. ரேடியோ அட்டைகளுக்கான டிரைவரை ஏற்ற வேண்டும், எந்த அலைவரிசையில் யாரோடு பேசுவது என்று சொல்ல வேண்டும், இணைய முகவரி கொடுக்க வேண்டும், எதிர்முனைக்குப் போகும் வழியைக் காட்ட வேண்டும். மேசைக் கணினி என்றால் ஒருவர் உட்கார்ந்து தட்டிவிடலாம். கோபுர உச்சியில் யார் தட்டுவது?

கணினி துவங்கும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்டை உலகம் பெரும்பாலும் ஒரு வசதியாகத்தான் எழுதிவைத்திருக்கிறது. நேரம் மிச்சம், விரல் வலி மிச்சம். மதுரையையும் தேனியையும் சுற்றிய சமவெளியில் அது வேறு வேலை பார்த்தது. ஆள் இல்லாத இடத்தில் ஆளாக நின்றது.

அந்தக் கதைக்குப் போகுமுன் அதன் பூர்வீகத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

ஆதிகாலக் கணினிகளை எழுப்புவதே ஒரு தனி வேலை. முகப்பிலிருக்கும் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி முதல் சில கட்டளைகளை நினைவகத்தில் ஏற்ற வேண்டும். அந்தச் சில கட்டளைகள் துளையிட்ட தாளிலிருந்து மற்றதைப் படித்துக்கொள்ளும். அதன் பிறகு வந்த யோசனைதான், மனிதன் தினமும் தட்டும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, கணினியையே படித்து ஓட்டச் சொல்வது. 1963-64 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், சி.டி.எஸ்.எஸ். என்ற பகிர்வுக் கணினி அமைப்புக்காக லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கென்று ஒரு நிரல் எழுதினார். யூனிக்ஸ் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு, துவங்கும்போது ஓட வேண்டியவற்றுக்குத் தனிக் கோப்பே வைத்தது. 1983ல் வந்த சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் அதற்கு ஓர் ஒழுங்கு கொடுத்தது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு ஸ்கிரிப்ட், ஸ்கிரிப்டின் பெயரில் ஓர் எழுத்து, பக்கத்தில் ஓர் எண். சின்ன எண் முன்னால் ஓடும், பெரிய எண் பின்னால் ஓடும். எது எதற்கு முன்னால் என்பதில் ஒருவர் கோட்டைவிட்டால் மொத்தமும் தடுமாறும்.

வீட்டுக்கும் கடைக்கும் வந்த கணினியில் இந்த வேலையைச் செய்தது ஆட்டோஎக்ஸெக்.பேட். 1981ல் ஐ.பி.எம். பி.சி.யோடு வந்த டாஸ் இயங்குதளம், எழுந்தவுடன் இந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் உள்ளே எழுதியதை ஒவ்வொன்றாக நிறைவேற்றும். இரண்டு வருடம் கழித்து கான்ஃபிக்.சிஸ் சேர்ந்துகொண்டது. 640 கிலோபைட் நினைவகத்துக்குள் எதை எங்கே உட்கார வைப்பது என்று இந்த இரண்டு கோப்பையும் திருத்தித் திருத்தியே ஒரு தலைமுறை கணினி கற்றது. வரிசையை மாற்றி எழுதினால் மிச்சமாகும் நினைவகம் கூடும் அல்லது குறையும். அதை வைத்தே ஒருவருக்கு வேலை தெரியுமா தெரியாதா என்று மதிப்பிட்ட காலம் அது.

தமிழ் தட்டச்சுக்கும் இதில் பங்கு உண்டு. டி.டி.பி. கடைகளில் விண்டோஸ் வந்த பிறகு, தமிழ் விசைப்பலகை மென்பொருளின் குறுவழியை ஸ்டார்ட்அப் கோப்புறையில் போட்டுவைப்பார்கள். காலையில் கடை திறந்து சுவிட்சைப் போட்டால், கல்யாணப் பத்திரிகை அடிக்கத் தயாராகத் திரையின் வலது மூலையில் அந்தச் சின்னம் வந்து உட்கார்ந்திருக்கும். பின்னால் யூனிகோடு பரவியபோது இலவசமாகக் கிடைத்த இ-கலப்பையையும் இப்படித்தான் வைத்தார்கள். சின்னம் வராத நாளில் கணினியே பழுது என்று நினைத்தவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கண்ட கணினி அதுதான்.

சென்ற அத்தியாயம் மேலூரோடு நின்றது. 2001ல் சென்னை ஐ.ஐ.டி., ஹார்வர்ட், எம்.ஐ.டி., என்-லாக் நிறுவனம் ஆகியவை சேர்ந்து மேலூர் வட்டத்தின் கிராமங்களில் ‘சாரி’ திட்டத்தின் கீழ் இணையக் கியாஸ்க்குகளைத் திறந்தன. கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பம் இணைப்பைத் தந்தது. கியாஸ்க்கில் ஒரு கணினி, ஒரு வெப் கேமரா, ஒரு யூ.பி.எஸ். கண்ணில் கோளாறு என்று வருகிறவரைப் படம் எடுத்து மதுரை அரவிந்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். யோசனை நல்ல யோசனை. ஆனால் வருமானம் கட்டுப்படியாகாமலும், கருவி பழுதானால் பார்க்க ஆள் வராமலும் பல கியாஸ்க்குகள் சில வருடங்களிலேயே மூடிவிட்டன. மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் ஆகிய இருவரும் 2008ல் வெளியிட்ட ஆய்வு, ஏன் மூடின என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டது.

அரவிந்த் அந்த அனுபவத்தோடு நிற்கவில்லை.

ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. 1985ல் தேனியில் கிளை வந்தது. அப்போது தேனியும் மதுரை மாவட்டம்தான்; தனி மாவட்டம் ஆனது 1996ல். கண்புரைக்கு முகாம் போட்டு, பஸ்ஸில் அழைத்து வந்து அறுவை செய்து அனுப்புவதில் அரவிந்த் பேர் வாங்கியது. ஆனால் கண்ணாடி மட்டும் போதும் என்பவரும், சின்ன உறுத்தல் என்பவரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வர மாட்டார்கள். அதற்காகத்தான் ஊர்தோறும் சின்னக் கண் பரிசோதனை மையங்கள். மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் இருப்பார். அவர் பரிசோதித்து முடித்ததும், தேனியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் நேரடியாகப் பேசுவார். ஆண்டிப்பட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம் என்று தேனியைச் சுற்றி ஐந்து மையங்கள் இப்படி இணைந்தன.

வீடியோவுக்கு வேகம் வேண்டும். டயல்-அப் இணைப்பில் அது நடக்காது. இந்த இடத்தில்தான் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் நடத்திய ‘டியர்’ ஆய்வுக்குழு வந்து சேர்ந்தது. வீட்டுக்குள் 50 அடி, 100 அடி போவதற்கென்று செய்த மலிவான வைஃபை அட்டைகளை, குவிக்கும் ஆன்டெனாவோடு சேர்த்து மைல் கணக்கில் எட்டவைப்பது அவர்கள் கையிலிருந்த வித்தை. சட்டமும் சரியான நேரத்தில் வழிவிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளிப்புறத்திலும் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005 ஜனவரியில் அறிவித்தது.

தூரம் கூடியபோது வைஃபையின் ஒரு பழக்கம் குறுக்கே நின்றது. ஒரு துண்டுத் தகவலை அனுப்பிவிட்டு, ‘கிடைத்தது’ என்ற பதிலுக்காக அது மைக்ரோவினாடிக் கணக்கில் காத்திருக்கும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கே 100 மைக்ரோவினாடி பிடிக்கிறது. வழக்கமான அமைப்பில் அட்டை அவ்வளவு நேரம் பொறுக்காது. தகவல் போய்ச் சேரவில்லை என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பும். பதில் வரும் வேளையில் இதுவும் பேசிக்கொண்டிருக்கும். ரபின் பட்ரா, செர்ஜியு நெடெவ்ஷி, சோனேஷ் சுரானா உள்ளிட்ட குழுவினர் இதற்குச் செய்த ‘வைல்ட்நெட்’ என்ற மாற்றத்தில் துண்டுக்குத் துண்டு பதில் கேட்பது நிறுத்தப்பட்டது. கண்மாய்ப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப்போல இந்த முனைக்குக் கொஞ்ச நேரம், அந்த முனைக்குக் கொஞ்ச நேரம் என்று பிரித்துவிட்டார்கள். இணைப்புகளில் நொடிக்கு 5 முதல் 7 மெகாபிட் வரை கிடைத்தது. தெளிவான வீடியோவுக்கு ஒரு திசையில் 256 கிலோபிட்டே போதும் என்பதால், மிச்ச இடத்தில் விழித்திரைப் படங்களும் போயின.

ஆனால் இந்த மாற்றங்கள் எதுவும் அட்டைக்குள் பதிந்து கிடப்பவை அல்ல. மின்சாரம் நின்றால் ரேடியோ அட்டை பிறந்தநாள் குணத்துக்குத் திரும்பிவிடும். மறுபடி 100 அடிக்கான வைஃபை ஆகிவிடும். ஒவ்வொரு முறை எழும்போதும் யாராவது அதன் காதில் ஓத வேண்டும். அந்த யாரோதான் துவக்க ஸ்கிரிப்ட்.

பலகைகளில் ஓடியது லினக்ஸ் 2.4 வரிசையின் கழித்துக் குறைத்த வடிவம். இத்தகைய பலகையில் கரண்ட் வந்ததும் நடப்பது என்ன? முதலில் பயாஸ் கண்விழிக்கும். ஃபிளாஷ் அட்டையிலிருந்து லினக்ஸின் கருவை ஏற்றும். கரு தன் வன்பொருளை எண்ணிப் பார்த்துவிட்டு ‘இனிட்’ என்ற முதல் நிரலை ஓட்டும். அதன் பிறகு வருவதெல்லாம் மனிதன் எழுதிவைத்த ஸ்கிரிப்டுகள். ரேடியோ டிரைவர், அலைவரிசை, முகவரி, வழித்தடம், முறைப்பேச்சை நடத்தும் நிரல், கடைசியில் கண்காணிப்பு.

எழுதுவது எளிது. கையால் ஓட்டிப் பார்த்தால் கச்சிதமாக ஓடும். மறுதுவக்கத்தில் மட்டும் ஓடாது. இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் பட்ட அவஸ்தை இது. பெரும்பாலும் காரணம் அற்பமாக இருக்கும். துவக்க வேளையில் கணினிக்கு நிரல்கள் எந்த அடைவில் இருக்கின்றன என்ற பட்டியல் முழுதாகத் தெரியாது. முழு முகவரி எழுதாமல் வெறும் பெயர் எழுதியிருந்தால் கண்டுபிடிக்காமல் விழிக்கும். அல்லது நெட்வொர்க் எழுமுன்பே ஸ்கிரிப்ட் எழுந்து, யாருமில்லாத வாசலைத் தட்டிவிட்டுப் போயிருக்கும். இதற்குப் பலரும் கண்ட கைவைத்தியம், ஸ்கிரிப்டின் தலையில் ‘30 வினாடி தூங்கு’ என்று ஒரு வரி. புத்தகங்கள் இதைக் கண்டிக்கும். ஊரில் பாதி சர்வர்கள் இன்றும் அந்த 30 வினாடியில்தான் பிழைக்கின்றன.

கடிகாரம் இன்னொரு தலைவலி. நேரத்தைக் காக்கத் தனி பேட்டரி இல்லாத பலகைகள் ஒவ்வொரு முறையும் 1970 ஜனவரி 1 என்ற நினைப்போடு விழிக்கும். இணையத்திலிருந்து சரியான நேரத்தைக் கேட்டு வாங்கும் வரியும் துவக்க ஸ்கிரிப்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழுது எப்போது நடந்தது என்று பதிவேட்டைப் புரட்டுகிறவர், எல்லாம் 36 வருடத்துக்கு முன்னால் நடந்ததாகப் படிப்பார்.

தேனி வலையமைப்பில் இதையெல்லாம்விடப் பெரிய எதிரி மின்சாரமே. கரண்ட் போவது மட்டும் பிரச்சினை என்றால் பேட்டரியும் யூ.பி.எஸ்.ஸும் போதும். கோபுரப் பலகைக்குச் சராசரியாக 7 வாட்தான் தேவை. ஆனால் வந்த கரண்ட் ஒழுங்காக வரவில்லை. ஏறும், இறங்கும், இழுக்கும். கிராமத்துக் கம்பியில் மின்னழுத்தம் எப்படி ஆடும் என்பதை மோட்டார் காயில் எரிந்த விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் பலி ஃபிளாஷ் அட்டை. அட்டையில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் தடுமாறினால், எழுதிய இடம் மட்டுமல்ல, அட்டை முழுவதுமே கெட்டுப்போகலாம். பிறகு பலகை எழாது. எழுந்தாலும், கோப்பமைப்பில் பழுது இருக்கிறது, சரிசெய்யவா என்று லினக்ஸ் கேட்கும். மேசைக் கணினியில் ‘ஒய்’ என்று தட்டினால் காரியம் முடிந்தது. கோபுரத்தில் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல விசைப்பலகையே இல்லை. கேள்வி கேட்டபடியே பெட்டி நின்றுவிடும். கீழே மையத்தில் டாக்டரின் முகம் வராது.

பெர்க்லிக் குழு இதற்கு எடுத்த முடிவு, இந்த வரலாற்றிலேயே புத்திசாலித்தனமான ஒன்று என்று சொல்லலாம். அட்டையில் எழுதவே கூடாது. இயங்குதளத்தைப் படிக்க மட்டும் அனுமதித்து ஏற்று. தற்காலிகமாக எழுத வேண்டியதை நினைவகத்தில் எழுது. கரண்ட் போனால் அது போகட்டும். அடுத்த முறை எழும்போது பலகை முதல்நாள் பிறந்ததுபோலவே எழும். கெடுவதற்கு ஒன்றும் இல்லை. மதுரையின் பிரவுசிங் சென்டர்களில் இதே தத்துவத்தை வேறு காரணத்துக்காகப் பயன்படுத்தினார்கள். ‘டீப் ஃப்ரீஸ்’ என்ற மென்பொருளைப் போட்டுவிட்டால், வாடிக்கையாளர் என்ன குப்பை கொட்டினாலும் மறுதுவக்கத்தில் கணினி பழைய நிலைக்கு வந்துவிடும். வைரஸ் தொல்லைக்கு உரிமையாளர்கள் கண்ட மலிவான விடுதலை.

இரண்டாவது சிக்கல் நுட்பமானது. கரண்ட் நீண்ட நேரம் வராவிட்டால் 12 வோல்ட் பேட்டரி மெல்ல மெல்ல இறங்கும். பலகை சாகவும் செய்யாமல், வாழவும் செய்யாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும். செயலி உறைந்து நிற்கும். கரண்ட் திரும்பியதும் மின்னழுத்தம் ஏறும். ஆனால் பலகை முழுதாக அணையவே இல்லையே, எப்படித் துவங்கும்? துவங்காதபோது துவக்க ஸ்கிரிப்ட் எவ்வளவு அருமையாக எழுதியிருந்தால்தான் என்ன? மையத்துப் பணியாளர் போய் பிளக்கைப் பிடுங்கிச் சொருகினால் ஒழிய அது நகராது. எழுவதற்கு முன் ஒழுங்காக அணைவது முக்கியம் என்று கண்டு, மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் பேட்டரியிலிருந்து பலகையைச் சுத்தமாகத் துண்டிக்கும் சர்க்யூட்டை வைத்தார்கள். கடையில் கிடைத்தவை சரிவரவில்லை. பாரத்தைத் துண்டித்ததும் பேட்டரியின் மின்னழுத்தம் சற்று ஏறும், ஏறியதும் மறுபடி இணைக்கும், இணைத்ததும் இறங்கும், மறுபடி துண்டிக்கும். இந்த ஆட்டமே பலகைக்குச் சேதம். எனவே ஆடாத சர்க்யூட்டைத் தாங்களே வடிவமைத்தார்கள். மென்பொருள் ஆய்வாளர்கள் சால்டரிங் இரும்பைத் தூக்க வேண்டி வந்த இடம் அது.

மூன்றாவது துணை, வாட்ச்டாக். இது பலகையிலேயே இருக்கும் ஒரு நேரக்கணிப்பி. துவக்க ஸ்கிரிப்ட் ஓட்டிவிடும் ஒரு சின்ன நிரல், சில வினாடிக்கொரு முறை ‘நான் இருக்கிறேன்’ என்று அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டு நின்றால், மென்பொருள் எங்கோ மாட்டிக்கொண்டது என்று முடிவுசெய்து வாட்ச்டாக் பலகையை மறுதுவக்கும். மறுபடி ஸ்கிரிப்ட், மறுபடி எல்லாம் முதலிலிருந்து. கணினி ஹேங்க் ஆனால் அணைத்துப் போடு என்ற உலகப் பொது வைத்தியத்தை ஆளில்லாமல் செய்கிற ஏற்பாடு.

இவ்வளவும் ஓடுகிறதா என்று பெர்க்லியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? தேனி வலையமைப்பு உள்முகவரிகளுக்குப் பின்னால் இருந்தது. வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே நுழைய முடியாது. வழக்கமான முறை, உள்ளூரில் ஒரு சர்வரை வைத்து, அது எல்லாக் கருவிகளையும் நலம் விசாரிப்பது. ஆனால் புதிதாக ஒரு கோபுரம் சேரும்போதெல்லாம் அந்தச் சர்வரில் யாராவது போய்த் திருத்த வேண்டும். குழு இதைத் தலைகீழாக்கியது. ஒவ்வொரு பலகையும் தானே வெளியே வந்து அமெரிக்காவிலிருந்த சர்வரில் தன் நிலையைப் பதிவுசெய்யும். ‘ஃபோன்ஹோம்’ என்று அதற்குப் பெயர். நிறுவும்போது ஒரே ஒரு தடவை அமைத்தால் போதும். பிறகு எத்தனை முறை எழுந்தாலும் பலகை தன் கடமையைச் செய்யும். தேவைப்பட்டால் உள்ளிருந்து வெளியே ஒரு எஸ்.எஸ்.எச். சுரங்கத்தைத் திறந்துவிடும், அதன் வழியாக பெர்க்லியில் இருப்பவர் பலகைக்குள் வந்து பார்ப்பார். படிக்க மட்டும் அனுமதித்த அட்டையில் பழைய பதிவுகள் தங்காது என்பதால், வெளியே அனுப்பிய இந்தக் குறிப்புகளுக்கு மதிப்பு இரட்டிப்பு.

துவக்க ஸ்கிரிப்ட் என்ற கதவு வேறு ஆட்களுக்கும் திறக்கும் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. கணினி எழும்போது ஓடும் இடத்தில் ஒரு வரியைச் செருகிவிட்டால் அந்தக் கணினி செருகியவனுடையது. 1986ல் லாகூரில் அல்வி சகோதரர்கள் எழுதிய ‘பிரைன்’ வைரஸ், ஃபிளாப்பியின் துவக்கப் பகுதியில் போய் உட்கார்ந்தது. இருபது வருடம் கழித்து பென் டிரைவ் காலத்தில் ஆட்டோரன்.இன்ஃப் என்ற கோப்பு அந்த வேலையைச் செய்தது. ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவில் கொண்டுபோன ப்ராஜெக்ட், கல்லூரி லேபுக்கு வைரஸோடு திரும்பி வந்த கதை 2000களின் கடைசியில் படித்த யாருக்கும் தெரியும். 2008 நவம்பரில் தலைகாட்டிய கான்ஃபிக்கர் புழுவின் பிந்தைய வடிவங்கள் பரவிய வழிகளில் இதுவும் ஒன்று. பென் டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் வசதியைப் பழைய விண்டோஸ் பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது 2011 பிப்ரவரியில்தான். ரொம்பத் தாமதம்.

தேனி அனுபவம் 2008 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த என்.எஸ்.டி.ஐ. மாநாட்டில் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. முன்னோட்டத் திட்டத்தைத் தாண்டிக் கிராம வலையமைப்புகளை எப்படி உயிரோடு வைப்பது என்பதே அதன் கேள்வி. அதற்குள் மாதம் சுமார் 3000 நோயாளிகள் அந்த வீடியோ வழியாக டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதுரை, திருநெல்வேலி மருத்துவமனைகளும் இரண்டிரண்டு மையங்களைச் சேர்த்துக்கொண்டன. அமெரிக்க ஆய்வாளர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் வலையமைப்பு நிற்கவில்லை. அரவிந்தின் சொந்த ஆட்களே பெட்டியை மாற்றவும் ஆன்டெனாவைத் திருப்பவும் பழகிக்கொண்டார்கள். மேலூருக்கும் தேனிக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை இங்கே தேடுவதுதான் நியாயம். மேலூரில் இணைப்பை விற்றுப் பிழைக்க வேண்டிய கியாஸ்க் இருந்தது. தேனியில் ஒரு மருத்துவமனை இருந்தது. அதற்கு அந்த இணைப்பு அன்றாடத் தேவையாக இருந்தது.

கட்டுரை வந்த வருடம்தான் தமிழ்நாட்டின் நீண்ட மின்வெட்டுக் காலம் தொடங்கியது. 2012ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். வைகைக் கரையில் கணினி வைத்திருந்த ஒவ்வொருவரும் அப்போது தேனி கோபுரத்தின் பாடத்தைத் தங்கள் அளவில் படித்தார்கள். கரண்ட் வந்தால் தானே எழு என்று பயாஸில் ஒரு அமைப்பு உண்டு. பல கணினிகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். அதைத் தேடிப் போட்டார்கள். டேலி ஓடும் சர்வர் தானாக எழுந்தாலும், தரவுத்தளச் சேவை கையால் துவக்கினால்தான் வரும் என்று கண்டு அதையும் தானியங்கியாக்கினார்கள். லினக்ஸ் தெரிந்தவர்கள் ஆர்.சி.லோக்கல் என்ற கோப்பின் கடைசி வரிக்கு மேலே தங்கள் கட்டளையைச் செருகினார்கள். கடைசி வரிக்குக் கீழே எழுதினால் அது ஓடவே ஓடாது என்பதைப் பலர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்தக் கடைசி வரி ‘வெளியேறு’ என்பது.

அதே காலத்தில் லினக்ஸ் உலகத்தில் பெரிய சண்டை மூண்டது. வரிசை எண் போட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் பழைய முறை மெதுவானது என்று சொல்லி, லென்னார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010ல் சிஸ்டம்டி என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். எது எதைச் சார்ந்தது என்று சொல்லிவிட்டால் போதும். சாராதவை எல்லாம் ஒரே நேரத்தில் எழும், விழுந்தால் தானே மறுபடி எழுப்பிவிடும். நெட்வொர்க் வந்த பிறகு என்னை எழுப்பு என்று ஒரு வரி எழுதலாம். 30 வினாடித் தூக்கம் வேண்டாம். எதிர்த்தவர்கள், எளிய ஸ்கிரிப்டுகளால் ஆன ஒன்றை விழுங்கும் பூதம் இது என்றார்கள். டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பில் இந்த விவாதம் முற்றி, ஒரு பகுதியினர் பிரிந்து தேவுவான் என்ற தனிப் பதிப்பே தொடங்கினார்கள். 2015 ஏப்ரலில் வந்த டெபியன் 8 சிஸ்டம்டியோடுதான் வந்தது. விழுந்ததை எழுப்பும் அந்த ஓர் அம்சத்துக்காகவே, கரண்ட் ஆடும் ஊர்க்காரர்கள் யார் பக்கம் நிற்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

அரவிந்தின் கண் பரிசோதனை மையங்கள் இன்று நூறைத் தாண்டிவிட்டன. பிராட்பேண்டும் செல்போன் இணையமும் ஊர்களுக்கு வந்துவிட்ட பிறகு, வீடியோவுக்காகச் சொந்தக் கோபுரம் நட வேண்டிய கட்டாயமும் போய்விட்டது.

அடுத்த இதழில்: 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டமும், பொத்தானை அழுத்தியதும் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று பிளஸ் டூ மாணவரிடம் அது கேட்ட முதல் கேள்வியும்.

(தொடரும்)